ஆங்கிலக் கடற்படையின் தோற்றமும் மாலுமிகளின் நிலையும்

ஐரோப்பியக் கடற்படைகளின் வரலாறு பெரும்பாலும் தளபதிகளின் வீரவரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயின் நிரந்தரக் கடற்படை என்னும் நிறுவனம் எத்தகைய சமூகத் தேவையின் விளைவாகத் தோன்றிற்று, அதன் சுமையைத் தாங்கியோர் யாவர் ஆகிய வினாக்களே அடிப்படையானவை. இங்கிலாந்தின் அனுபவம் இவ்வகையில் நோக்கத்தக்கது.

1588இல் ஸ்பானியப் பெருங்கப்பற்படையை எதிர்கொண்ட ஏறத்தாழ 200 ஆங்கிலக் கப்பல்களுள் 34 மட்டுமே அரசிக்குரியவை. ஏனையவற்றுட் பெரும்பாலானவை வணிகருடையவை. போர் முடிந்ததும் கலைந்துவிடும் படையாகவே அது அமைந்தது. நிரந்தரப் படைக்கு நிரந்தர வருவாய் தேவை. 1634இல் முதலாம் சார்ள்ஸ் மன்னன் பாராளுமன்றத்தின் இசைவின்றிக் கப்பல் வரி விதித்தமையும், ஜோன் ஹம்டன் அதனைச் செலுத்த மறுத்தமையும் உள்நாட்டுப் போருக்கு இட்டுச் சென்ற முரண்பாடுகளுட் சிலவாகும்.

மன்னனால் இயலாததனை 1649இல் அவனைச் சிரச்சேதஞ் செய்த குடியரசு நிறைவேற்றியது. சுங்கம், ஆயத்தீர்வை, பறிமுதலான நிலங்களின் விற்பனை ஆகியன கப்பல்களாயின. 1651ஆம் ஆண்டின் கப்பற்போக்குவரத்துச் சட்டம் ஒல்லாந்தரின் இடைத்தரகு வணிகத்தைத் தாக்கியது. மறுவருடமே போர் மூண்டது. 1652இன் இறுதியில் டன்ஜனெஸ் அருகே ஏற்பட்ட தோல்வியின்போது, வாடகைக்கு அமர்த்தப்பெற்ற வணிகக் கப்பல்களின் தலைவர்கள் சிலர் போரிடாது பின்தங்கினர். தனியார் உடைமையைக் காக்கும் நோக்கமும் அரசின் போர் நோக்கமும் ஒன்றல்ல என்பது அன்று தெளிவாயிற்று. இதனையடுத்துப் போர்ச் சட்டவிதிகளும், 1653இல் வரிசையாக நின்று போரிடும் முறைபற்றிய கட்டளைகளும் வெளிவந்தன.

முடியாட்சி மீண்ட பின்னரும் இவ்வமைப்பு நிலைபெற்றது. சாமுவேல் பீப்ஸ் 1677இல் லெப்ரினன்ட் பதவிக்குத் தேர்வு முறையினைப் புகுத்தினார். மூன்றாண்டுக் கடற்சேவை அதற்கு நிபந்தனையாயிற்று. போரில்லாக் காலத்தில் அரைச் சம்பளம் பெறும் உரிமை 1668 தொடக்கம் அதிகாரிகளிடையே படிப்படியாக விரிவுற்றது. 1694இல் இங்கிலாந்து வங்கி தோன்றியமையும் போர்ச் செலவுக்கான கடனோடு பிணைந்ததேயாகும்.

மாலுமிகளின் நிலை யாது? அவர்களுட் பலர் கட்டாயச் சேர்ப்புக் குழுக்களாற் பிடித்து வரப்பட்டவர்கள். ஊதியத்துக்குப் பதிலாகக் கடன்சீட்டுக்களே பலருக்குக் கிடைத்தன. 1667இல் ஒல்லாந்தர் மெட்வே நதியுட் புகுந்தபோது, அவர்தம் கப்பல்களிலே ஆங்கில மாலுமிகளும் இருந்தனர். கைக்குப் பணம் தருவோருக்காகவே தாம் இப்போது போரிடுவதாக அவர்கள் கூறினர் என்னும் செய்தியைப் பீப்ஸ் தமது நாட்குறிப்பிற் பதிந்துள்ளார். நிர்வாகியின் அந்தரங்கக் குறிப்பே நிர்வாகத்துக்கு எதிரான சாட்சியாகிவிடுவது இலக்கிய மாணவர் மனங்கொள்ளத்தக்கதாகும்.

தேர்ச்சி பெற்ற மாலுமிக்கு 1653இல் விதிக்கப்பட்ட மாத ஊதியம் 24 சிலிங். 1797 வரை, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக, அது மாறவில்லை. அவ்வாண்டு ஸ்பிற்ஹெட்டிலே மாலுமிகள் ஒன்றுபட்டுப் பணிமறுத்த பின்னரே அது உயர்ந்தது. தொடர்ந்து நோரிற் கிளர்ந்தோர் ஒடுக்கப்பட்டனர். ரிச்சட் பாக்கர் தூக்கிலிடப்பட்டான்.

எனவே, கடற்சேவை அதிகாரிகளுக்குத் தேர்வும் பதவியும் பாதுகாப்பும் உடைய தொழிலாக வளர்ந்த அதே காலத்தில், மாலுமிகளுக்கு அது நிர்ப்பந்த உழைப்பாகவே நீடித்தது எனலாம். வணிக முதலாளித்துவத்தின் கடலாதிக்கம் இவ்விரண்டின் இணைப்பிலேயே எழுந்தது. அவ்வுழைப்பைக் கணக்கிற் கொள்ளாத கடற்படை வரலாறு குறைவுடையதேயாகும்.