ஊவாத் தோட்டங்களில் பேச்சுரிமை

இலங்கையின் ஊவா மாகாணத்தில் பதுளை, பசறை, பண்டாரவளை, ஹப்புத்தளை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழரின் கருத்துரிமையும் அதன் சட்ட வரலாறும்.

பிரித்தானியர் காலத்தில் தோட்டம் தனியார் நிலம். தொழிலாளர் வாழும் லயத்துக்குப் போகும் பாதையும் அதில் அடக்கம். ஆகவே கூட்டம் போட வருபவரைப் பேசியதற்காகத் தண்டிக்கத் தேவை இருக்கவில்லை. அத்துமீறி நுழைந்தார் என்ற குற்றமே போதும். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் சென்றது இதனாலேயே. தொழிலாளி வாய் திறந்தால் தோட்டத்தை நடத்தும் துரை வேலைநீக்கப் பற்றுச்சீட்டு கொடுத்துவிடுவார்; வேலையோடு லயத்துக் காம்பராவும் போய்விடும். உண்மையான தணிக்கை இதுதான். சட்டப் புத்தகங்களில் இதற்குத் தனிப் பிரிவு கிடையாது.

கண்டிப் பகுதி மடுல்கலையில் தோட்டத்துரையாகப் பயில வந்த பிரேஸ்கேர்டில், 1937இல் தொழிலாளர் பக்கம் நின்று மேடையேறினார். அவரை நாடு கடத்தத் தேசாதிபதி ஸ்டப்ஸ் கட்டளையிட்டார். ஆட்கொணர்வு மனுவில் எச்.வி. பெரேரா வாதாட, பிரதம நீதியரசர் ஏபிரகாம்ஸ் தலைமையிலான நீதிமன்றம் மே 18இல் அவரை விடுவித்தது. அவசரநிலைக்கான அதிகாரத்தை அமைதிக் காலத்தில் பயன்படுத்த இயலாது என்பதே தீர்ப்பின் சாரம். மலையகத்துக்கு வெளியே இவ்வழக்கு பெரிதும் பேசப்படுகிறது; ஊவாவின் வேவெஸ்ஸத் தோட்டம் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. பதுளைக்கு அருகிலுள்ள அத்தோட்டத்தில் 1940 வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் தாமே ஒரு சபையைத் தேர்ந்தனர். அதனுடன் கலந்தாலோசித்து நடப்பதாகத் துரையும் இணங்கினார். இடதுசாரிச் சமசமாஜக் கட்சி மே 12இல் தடையை மீறிப் பதுளையில் கூட்டம் நடத்தியது. அடுத்த மாதம் என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன உள்ளிட்ட அதன் தலைவர்கள் விசாரணையின்றிச் சிறைப்பட்டனர். அரசு வேலைநிறுத்தத்தைக் கலகம் என்றது. நடந்ததோ தொழிலாளர் தம் பேச்சுக்கு ஒரு மன்றம் கேட்டதுதான்.

1947 தேர்தலில் பதுளைத் தொகுதியில் இலங்கை இந்தியன் காங்கிரஸின் எஸ்.எம். சுப்பையா வென்றார். 1948இன் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் திருத்தமும் அவரைத் தேர்ந்தவர்களில் பெரும்பாலோரை நாடற்றோராக்கி அவர்களின் வாக்கைப் பறித்தன. சுதந்திர இலங்கையின் முதல் யாப்பான சோல்பரி யாப்பில் பேச்சுரிமை என்றொரு பிரிவே இல்லை. 1972இல் அது வந்தபோது குடிமக்களுக்கு மட்டும் என்று வந்தது. 1978 யாப்பின் 14ஆம் உறுப்புரையும் குடிமக்களுக்கே அதை உறுதிசெய்கிறது; வேறெந்த நாட்டின் குடியுரிமையும் இல்லாத நிரந்தர வதிவாளருக்குப் பத்தாண்டுகள் மட்டும் அதே உரிமையை அளித்தது. இம்மண்ணிலேயே பிறந்து கொழுந்து பறித்தவருக்கும் உரிமை தவணைக்கணக்கில்தான் கிடைத்தது. நாடற்றோர் பிரச்சினையை 1988, 2003 ஆண்டுகளின் சட்டங்கள் தீர்த்தன.

இன்றைய வரம்புகள் 15ஆம் உறுப்புரையில் உள்ளன: இன, மத நல்லிணக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல், தேசிய பாதுகாப்பு முதலியன. குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டது. ஆயினும் பேச்சைக் கட்டுப்படுத்தும் பயங்கரவாதத் தடைச் சட்டமும் (1979) நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் (2024) நடைமுறையில் உள்ளன.