வாடகைக்கு ஒரு கார், விலைக்கு ஒரு பட்டணம்!

கவுன்ட்டரில் இருந்த பெண் ஒரு கட்டுத் தாளை நீட்டினாள். கார் வாடகைக்கு எடுக்க வந்தேனா, கல்யாணப் பத்திரம் எழுத வந்தேனா என்று எனக்கே சந்தேகம்.

"இங்கே ஒரு கையெழுத்து. இங்கே ஒன்று. அப்புறம், கோசியோன்."

பக்கத்தில் நின்ற மச்சினனைப் பார்த்தேன். புதுச்சேரிக்காரன். பாரீஸ் பக்கம் போய் செட்டிலாகி இருபது வருடமாகிறது.

"டெபாசிட் மாமா. கிரெடிட் கார்டுல ஒரு தொகையை நிறுத்தி வச்சுக்குவாங்க. எடுத்தபடியே திருப்பிக் குடுத்தா விட்டுருவாங்க. கீறல் விழுந்துச்சுன்னா, போச்சு!"

கோசியோன். இந்த வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் என்னைத் துரத்தி வந்த வார்த்தை இது.

இடம், பிரான்சின் மேற்கே பிரெத்தான் பிரதேசத்தின் தலைநகரமான ரென். பாரீஸிலிருந்து ரயிலில் அங்கே வந்து, அங்கிருந்து காரில் வடக்கே சுமார் 70 கிலோ மீட்டர் போனால் சேன் மாலோ. கடலோரத்தில் மதில் சூழ்ந்த பழைய ஊர். நான் போக ஆசைப்பட்டதற்குக் காரணம் உண்டு. 1746ல் நம் மதராஸைப் பிடித்தாரே லா பூர்தொனே, அந்த மனிதர் பிறந்த ஊர் அது.

ரயிலே சேன் மாலோ வரை போகிறதே, கார் எதற்கு என்று கேட்கலாம். ஊரைப் பார்க்கக் கார் வேண்டாம்தான். ஊரைக் கட்டிய பணம் எங்கே போய் உட்கார்ந்தது என்று பார்க்கத்தான் கார். என்ன செய்வது, பி.காம். படித்தவன் புத்தி!

போகிறவர்களுக்கு இரண்டு தகவல். நம் ஊர் லைசென்ஸோடு ஆர்.டி.ஓ. ஆபீஸில் இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். கிரெடிட் கார்டு, வண்டி ஓட்டுகிறவர் பெயரிலேயே இருக்கட்டும். பெட்ரோல் பங்க்கில் 'கஸோல்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து பெட்ரோல் என்று நினைத்துவிடாதீர்கள். அது டீசல்! சாலைக்கு வலது பக்கம் ஓட்ட வேண்டும் என்பதைவிட, ரவுண்டானாவில் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்ற வேண்டும் என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது. முதல் ரவுண்டானாவிலேயே நான் சாவியை மச்சினனிடம் கொடுத்துவிட்டேன். ஒரே ஆறுதல், பிரெத்தானில் நெடுஞ்சாலைகளுக்கு டோல் கிடையாது.

* * *

தூரத்திலிருந்து பார்த்தால் சேன் மாலோ கடலில் மிதக்கிற கற்கோட்டை மாதிரி இருக்கிறது. காரை மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நடந்தோம். மதில் மேலேயே ஊரைச் சுற்றி வரலாம். மொத்தமே இரண்டு கிலோ மீட்டருக்குள்தான். கீழே கடல் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் 12 மீட்டரைத் தாண்டும் நாட்கள் உண்டு. நாலு மாடி உயரம்! நம் மெரினாவில் ஒரு மீட்டர் கூடினாலே அதிகம்.

இந்த ஊர்க்காரர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1590ல் பிரெஞ்சு ராஜாவே வேண்டாமென்று தங்களைத் தனிக் குடியரசாக அறிவித்து, நாலு வருடம் ஓட்டினார்கள். துறைமுகத்துச் சரக்கைக் காக்க ராத்திரியில் பெரிய பெரிய வேட்டை நாய்களை அவிழ்த்துவிட்டார்கள். 1770ல் ஒரு கடற்படை அதிகாரியை நாய்கள் கடித்துக் கொன்ற பிறகுதான் அந்த வழக்கம் நின்றது. 1693ல் வெடிமருந்தை நிரப்பிய ஒரு கப்பலை ஆங்கிலேயர்கள் ஊரை நோக்கி அனுப்பினார்கள். அது பாறையில் மோதி வழியிலேயே வெடித்தது. கூரைகள் பறந்தன. ஆனால், செத்தது ஒரே ஒரு பூனை என்று ஊர்க்கதை. 'ஆடும் பூனைத் தெரு' என்று இன்றைக்கும் ஒரு தெரு இருக்கிறது.

இங்கிலாந்துக்கு ஏன் இத்தனை கோபம்? தொழில்தான்! சேன் மாலோவின் தொழில் கப்பல் பிடிப்பது.

கடற்கொள்ளையா என்றால், ஊர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். கொள்ளைக்காரன் யாருடைய கப்பலையும் அடிப்பான். இவர்கள் 'கோர்சேர்'கள். யுத்தக் காலத்தில், எதிரி நாட்டுக் கப்பலை மட்டும், ராஜாவின் அனுமதிப் பத்திரத்தோடு பிடிப்பவர்கள். லைசென்ஸ் உண்டு, கணக்கு உண்டு. பிடித்த கப்பலை நீதிமன்றம் சரி பார்க்க வேண்டும். அட்மிரலுக்குப் பத்தில் ஒரு பங்கு. மிச்சத்தில் பணம் போட்ட முதலாளிகளுக்கு மூன்றில் இரண்டு, மாலுமிகளுக்கு மூன்றில் ஒன்று என்பது வழக்கம். நம் பார்ட்னர்ஷிப் டீடு தோற்றது!

இன்னொன்று. கப்பல் புறப்படும் முன் முதலாளி அரசிடம் ஒரு தொகைக்குப் பிணை கட்ட வேண்டும். விதியை மீறி நட்பு நாட்டுக் கப்பலைத் தொட்டால் அது போச்சு. 1681ம் வருடத்து பிரெஞ்சுக் கடல் சட்டப்படி 15,000 லீவ்ர். அந்தப் பிணைக்குச் சட்டத்தில் என்ன பெயர் தெரியுமா?

கோசியோன்.

மச்சினன் சிரித்தான். "அப்போ நாமளும் கோர்சேர்தான் மாமா!"

கப்பலை மட்டுமா பிடித்தார்கள்? 1711ல் இந்த ஊர்க்காரரான துகே த்ரூவேன், பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரத்தையே பிடித்தார். கப்பல்கள் ராஜாவுடையவை, செலவு தனியார் முதலாளிகளுடையது. பிடித்த நகரத்தை வைத்துக்கொள்ள வேண்டுமென்று அவர் நினைக்கவே இல்லை. விலை பேசினார். 6 லட்சத்து 10 ஆயிரம் குரூசாதோ என்ற போர்ச்சுகீசிய நாணயம், கூடவே சர்க்கரைப் பெட்டிகள், மாடுகள். வாங்கிக்கொண்டு ஊரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். பணம் போட்டவர்களுக்கு 92 சதவீத லாபம் என்று சொல்வார்கள்.

அப்போது லா பூர்தொனேவுக்கு வயது பன்னிரண்டு. கப்பலில் ஏறிவிட்ட பையன். ஊரெல்லாம் என்ன பேச்சு காதில் விழுந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

* * *

மறுநாள்தான் காருக்கு வேலை வந்தது. ஊரைச் சுற்றிக் கிராமப்புறத்தில் 'மாலுவினியேர்' என்ற மாளிகைகள் சிதறிக் கிடக்கின்றன. நூற்றுக்கும் மேல். மதிலுக்குள் நெருக்கியடித்து வாழ்ந்த கப்பல் முதலாளிகள், காசு சேர்ந்ததும் வெளியே போய்க் கட்டிய வீடுகள். கப்பல் வந்தது என்று தகவல் வந்தால் குதிரையில் துறைமுகத்துக்கு ஓடி வரும் தூரத்தில்தான் கட்டினார்கள். சேன் கூலோம் என்ற கிராமத்தில் 1715ல் எழுந்த ஒரு மாலுவினியேருக்குப் போனோம். உயரமான புகைபோக்கிகள், கருங்கல் சட்டம் போட்ட ஜன்னல்கள். ஆர்ப்பாட்டமே இல்லை. பழைய பணக்காரர்கள் அப்படித்தான்.

இப்படிப்பட்ட வீடுகள் எந்தக் காசில் எழுந்தன? பெருவின் வெள்ளியில். நியூஃபவுண்ட்லாந்து கருவாட்டில். அடிமை வியாபாரத்திலும்தான். நெப்போலியன் காலத்து வீரர் சுர்கூஃபின் சிலை மதிலோரம் கடலைப் பார்த்துக் கை நீட்டி நிற்கிறது. 1800ல் வங்கக் கடலில் 'கென்ட்' என்ற பெரிய ஆங்கிலேயக் கப்பலைப் பிடித்தவர். அவரும் அடிமைகளை ஏற்றி விற்றவர்தான். இன்னொரு வரவு நம் பக்கத்துத் துணி. சொந்தமாகக் கப்பல் விட முடியாமல் தள்ளாடிய பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் உரிமையை வாங்கிக்கொண்டு, 1719 வரை சேன் மாலோ வியாபாரிகள்தான் சூரத்துக்கும் பாண்டிச்சேரிக்கும் கப்பல் அனுப்பினார்கள். அந்தக் கருங்கல் ஜன்னலில் நம் நெசவாளி நெய்த நூலும் கொஞ்சம் இருக்கிறது.

* * *

இந்தப் பின்னணியோடு 1746க்கு வருவோம்.

லா பூர்தொனே அப்போது மொரீஷியஸ், ரீயூனியன் தீவுகளின் கவர்னர். மரம், இரும்பு, ஆள் எல்லாவற்றையும் தேற்றி ஒரு கப்பல் படையை உருவாக்கி, சோழமண்டலக் கரைக்கு வருகிறார். செப்டம்பரில் புனித ஜார்ஜ் கோட்டையைச் சுற்றி வளைக்கிறார். பெரிய சண்டை எதுவுமில்லை. சில நாளில் கோட்டை பணிந்தது. உள்ளே மாட்டிக்கொண்டவர்களில் ராபர்ட் கிளைவ் என்று ஒரு இருபது வயசு குமாஸ்தாவும் உண்டு. பிற்பாடு மாறுவேஷம் போட்டுக் கடலூருக்கு ஓடினான்.

அடுத்து லா பூர்தொனே என்ன செய்தார்? ஊர் வழக்கப்படி விலை பேசினார்! 11 லட்சம் வராகன் கொடுத்துவிட்டு உங்கள் மதராஸை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

பாண்டிச்சேரியில் கவர்னர் டூப்ளேவுக்கு ரத்தம் கொதித்தது. பிடித்த பட்டணத்தை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா? இந்திய மண்ணில் நடப்பதற்கு நான்தானே பொறுப்பு? இரண்டு பேருக்கும் கடிதத்திலேயே குடுமிப்பிடி. ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் இந்தக் கூத்தையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். லா பூர்தொனே பக்கமும் நியாயம் உண்டு. பிடிக்கிற ஊரை வைத்துக்கொள்ளக் கூடாது என்று பாரீஸிலிருந்து அவருக்கு வந்த உத்தரவு. கப்பல்காரர் கணக்கில் பட்டணம் என்பது சரக்கு. டூப்ளே கணக்கில் பட்டணம் என்பது ராஜ்யம்.

நடுவில் புகுந்தது நம் ஐப்பசிப் புயல். அக்டோபர் 13 ராத்திரி. மதராஸ் கரையில் நின்ற கப்பல்கள் உடைந்து, நூற்றுக்கணக்கான மாலுமிகள் செத்தார்கள். மனம் உடைந்து லா பூர்தொனே கிளம்பிப் போக, டூப்ளே தரப்பு ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டது.

பிரான்சுக்குத் திரும்பியவரைக் காத்திருந்தது பஸ்தீய் சிறை. ஆங்கிலேயரிடம் தனியாக லஞ்சம் வாங்கிக்கொண்டுதான் ஊரை விற்றார் என்று குற்றச்சாட்டு. எழுத அனுமதி இல்லை. கஞ்சி போட்டு விறைப்பாக்கிய கைக்குட்டையில், புகைக்கரியும் காபியும் கலந்த மையால் தன் வாதத்தை எழுதினார் என்று ஒரு கதை உண்டு. 1751ல் விடுதலை. 1753ல் மரணம்.

சரி, மதராஸ்? 1748ல் ஐரோப்பாவில் சமாதானம். வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் பிடித்திருந்த லூயிபூர் கோட்டையைப் பிரான்ஸ் திரும்ப வாங்கிக்கொண்டு, பதிலுக்கு மதராஸைக் கொடுத்தது. 1749ல் ஒப்படைப்பு. 11 லட்சமும் வரவில்லை, ராஜ்யமும் வரவில்லை. பாலன்ஸ் ஷீட்டில் பூஜ்யம்.

ஆனால், 'எடுத்தபடியே' திருப்பிக் கொடுத்தார்களா?

இல்லை. கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டியிருந்த கறுப்பர் பட்டணத்தின் ஒரு பகுதியைப் பாதுகாப்புக்கு என்று சொல்லி பிரெஞ்சுக்காரர்கள் இடித்துவிட்டார்கள். துபாஷிகள், வியாபாரிகள், துணியை நம்பிப் பிழைத்தவர்கள் வாழ்ந்த இடம். மிச்சத்தைப் பிற்பாடு ஆங்கிலேயர்களே இடித்தார்கள். இன்றைக்கு உயர் நீதிமன்றம் நிற்பது அந்தப் பழைய கறுப்பர் பட்டணத்தின் மேல்தான். லா பூர்தொனேவின் ஒப்பந்தத்திலும் சரி, ராஜாக்களின் ஒப்பந்தத்திலும் சரி, அந்த வீட்டுக்காரர்கள் ஒரு கட்சியே இல்லை.

* * *

கடைசி நாள் சாயங்காலம் மறுபடியும் மதில் மேல் நடந்தோம். இருநூறு முந்நூறு வருடத்துக் கருங்கல் வீடுகள், அழகு என்றேன். மச்சினன் ஒரு மாதிரி பார்த்தான்.

"மாமா, இதுல முக்காவாசி புது வீடு."

உண்மைதான். 1944 ஆகஸ்டில் ஜெர்மானியர்கள் உள்ளே, அமெரிக்கர்கள் வெளியே. குண்டிலும் தீயிலும் மதிலுக்குள் இருந்த ஊரில் சுமார் 80 சதவீதம் அழிந்தது. மதில் மட்டும் பெரும்பாலும் தப்பியது. இவர்கள் பிடித்து விலை பேசிய ஊர்களுக்கு வந்த கதி, இவர்கள் ஊருக்கே வந்தது. பிறகு 1948லிருந்து பழைய தோற்றத்திலேயே கருங்கல்லில் மீண்டும் கட்டி எழுப்பினார்கள். காரணம் மன உறுதி மட்டுமல்ல. போரில் வீடிழந்தவனுக்கு ஈடு கொடுப்பது அரசின் கடமை என்று பிரான்ஸ் 1946ல் சட்டமே போட்டது. அதாவது, ஊருக்குக் கீறல் விழுந்தபோது யார் செலவில் சரி செய்வது என்று தாளில் எழுதியிருந்தது.

ரென்னில் காரை ஒப்படைத்தோம். ஒரு பையன் கையில் அட்டையோடு காரைச் சுற்றி வந்தான். பின் கதவில் ஒரு கீறலைத் தடவிப் பார்த்தான். எனக்குத் திக்கென்றது. தாளைப் புரட்டினான். அந்தக் கீறல் முதல் நாளே படம் போட்டுக் குறிக்கப்பட்டிருந்தது. தலையை ஆட்டினான். கோசியோன் தப்பியது.

ஒரு சாதாரணக் காருக்கு, யார் கையில் இருந்தபோது எந்தக் கீறல் விழுந்தது என்று எழுதி வைக்க ஒரு தாள் இருக்கிறது.

பாரிமுனைப் பக்கம் போகும்போதெல்லாம் உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரங்களைப் பார்க்கிறேன். அடியில் கிடக்கிற ஊருக்கு அப்படி ஒரு தாளை யாரும் எழுதவில்லை.