இடையில் அமர்ந்த நீதிபதி

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்த் தோக்கியோவில் கூடிய அனைத்துலக இராணுவ நீதிமன்றம், 1946ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் தன் விசாரணையைத் தொடங்கியது. ஜப்பானின் முன்னாள் தலைமையமைச்சர் தோஜோ உள்ளிட்ட 28 பேர் மீது குற்றஞ்சாட்டப்பெற்றது. நீதிபதிகள் பதினொருவர், நாட்டுக்கு ஒருவர். சயாம்-பர்மா இரயில் பாதையின் கொடுமையும் இம்மன்றத்தின் முன் வந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் உழைத்து மடிந்த பாதை அது. அங்குப் போர்க்கைதிகளையன்றித் தொழிலாளராக உழைத்தோர் குறைந்தது 150,000 பேர் என்றும், அவருள் குறைந்தது 60,000 பேர் இறந்தனர் என்றும் தீர்ப்பு குறிக்கின்றது. ஆகவே, அந்த மன்றத்தில் யார் அமர்ந்து எதைக் கேட்டார் என்பது மலாயாத் தமிழருக்குப் புறம்பான செய்தியன்று.

விசாரணை தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்த வேளையில், அமெரிக்க நீதிபதி ஜான் ஹிக்கின்ஸ் பதவி விலகித் தாயகம் திரும்பினார். அவ்வாண்டு ஜூலையில், அமெரிக்கத் தரைப்படையின் சட்டத்துறைத் தலைவராக இருந்த மேஜர் ஜெனரல் மைரன் கிரேமர் அவ்விடத்தில் அமர்ந்தார். குற்றஞ்சாட்டப்பெற்றோரின் வழக்கறிஞர்கள் தடை எழுப்பினர். நீதிபதி ஒருவர் விலகினால் மற்றொருவரை அமர்த்தலாம் என்று மன்றத்தின் சாசனம் வெளிப்படையாகக் கூறவில்லை. ஆயினும் தடை ஏற்கப்படவில்லை. விசாரணையும் முதலிலிருந்து தொடங்கப்படவில்லை.

சாட்சி கூறியவை எழுத்தில் இருக்கின்றனவே, புதியவர் படித்துக்கொண்டால் போதாதா என்று ஒருவர் வினவலாம். சாட்சி கூறியதை ஏடு காட்டும். கூறும்போது அவர் தயங்கியதையும் குரல் மாறியதையும் ஏடு காட்டாது. வாய்மொழித் தேர்வை ஓர் ஆசிரியர் நடத்த, குறிப்பைப் பார்த்து மற்றோர் ஆசிரியர் மதிப்பெண் இட்டால் மாணவன் ஒப்புவானா? ஈண்டு உயிரே பணயமாக இருந்தது. முடிவில் எழுவர் தூக்கிலிடப்பட்டனர்.

கிரேமர் தவறவிட்டது சில வாரங்களே என்பதையும் மறுத்தற்கில்லை. விசாரணையோ ஈராண்டுக்கு மேல் நீண்டது. 419 சாட்சிகள் நேரில் பேசினர். எழுத்துப் பதிவு 48,412 பக்கம். இடையில் வந்த அவரே, 1947ஆம் ஆண்டின் இறுதியில் தலைவர் வில்லியம் வெப் ஆஸ்திரேலியா சென்றிருந்தபோது தற்காலிகத் தலைவராகவும் அமர்ந்தார்!

உண்மையில், வராமை அம்மன்றத்திற்குப் புதிதன்று. வராதிருந்த நீதிபதி திரும்பி வந்து அமரலாம். நடந்தவற்றைப் போதிய அளவு அறியேன் என்று அவரே திறந்த மன்றத்தில் கூறினால்தான் விலக வேண்டும் என்பது சாசன விதி. அறிந்தாரா இல்லையா என்பதை அவரவர் மனச்சான்றுக்கே விட்டுவிட்டனர். இந்திய நீதிபதி ராதாபினோத் பால் பல நாள் வரவில்லை. அனைவரையும் விடுவிக்க வேண்டுமென மிக நீண்ட மாறுபட்ட தீர்ப்பை எழுதியவரும் அவரே. அத்தீர்ப்பின் துணிவைப் போற்றுவோர், அவர் வராத நாள்களையும் மறைத்தல் ஆகாது.

இக்குறையை வகுத்தவர்கள் வழி அறியாதவர்கள் அல்லர். ஜெர்மானியத் தலைவர்களை விசாரித்த நூரம்பர்க் மன்றத்தின் சாசனம் 1945 ஆகஸ்டிலேயே உருவாகிவிட்டது. தோக்கியோவுக்கு முன்மாதிரியும் அதுவே. அங்கு நான்கு நாடுகளும் நீதிபதி ஒருவரோடு மாற்று நீதிபதி ஒருவரையும் அமர்த்தின. மாற்று நீதிபதிக்கு வாக்குரிமை இல்லை. ஆனால் இயன்றவரை எல்லா அமர்வுகளிலும் அவர் இருத்தல் வேண்டும். நீதிபதி நோயுற்றாலோ வேறு காரணத்தால் இயலாதுபோனாலோ, அனைத்தையும் கேட்டிருந்த அவர் அவ்விடத்தை ஏற்பார். அத்தேவை அங்கு நேரவில்லை. தேவை நேர்ந்த தோக்கியோவிலோ அந்த ஏற்பாடு இல்லை. பதினொருவருக்கு மேலும் பதினொருவர் என்றால் செலவும் இடமும் மிகுதிதான். 28 பேரின் தலைவிதியோடு ஒப்பிட்டால் அது பெரிதன்று.

அரை நூற்றாண்டு கழித்தும் இச்சிக்கல் தீரவில்லை. யூகோஸ்லாவியாவின் முன்னாள் அதிபர் மிலோசெவிச்சின் வழக்கு 2002 பிப்ரவரியில் ஹேக் நகரில் தொடங்கியது. மூன்று நீதிபதிகளுள் தலைவரான ரிச்சர்ட் மே, ஈராண்டு சாட்சியம் கேட்டபின், 2004 பிப்ரவரியில் நோயினால் விலகுவதாக அறிவித்தார். அரசுத் தரப்புச் சாட்சியம் அப்போது முடிந்திருந்தது. மாற்று நீதிபதி எவரும் உடனிருந்து கேட்டிருக்கவில்லை. ஆனால், தோக்கியோவில் இல்லாத விதி இங்கு இருந்தது. எஞ்சிய இருவரும் நீதியின் நலன் கருதி வழக்கைத் தொடரலாம். புதியவர், பதிவுகளைக் கற்றறிந்தேன் என்று சான்றுரைத்த பின்னரே அமரலாம். ஸ்காட்லாந்து நீதிபதி இயன் பொனோமி அவ்வாறே வந்தமர்ந்தார். மே 2004 ஜூலை 1ஆம் நாள் காலமானார். குற்றஞ்சாட்டப்பெற்றவரும் 2006 மார்ச் 11ஆம் நாள் சிறையில் இறந்தார். அவ்வழக்கில் தீர்ப்பெழுதும் நிலை எந்த நீதிபதிக்கும் வாய்க்கவில்லை.