படகுக்குச் சின்ன மோட்டார் வாங்கப் போறீங்களா? குதிரைத்திறனைக் கடைசியா பாருங்க!

முதலியார்பேட்டையில இருந்து கடல் பக்கம் திரும்பினா, கொஞ்ச தூரத்துல தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகம். காலையில அங்கே போய் நின்னா, விதவிதமான படகு மோட்டார்களைப் பார்க்கலாம். ஆனா, நாம இங்கே பேசப்போறது மீன்பிடிப் படகைப் பத்தி இல்ல. அதைவிடச் சின்ன விஷயம்.

பாய்மரப் படகோ, உல்லாசப் படகோ வெச்சிருக்கிறவங்க அதை ஆழமான இடத்துல நங்கூரம் போட்டு நிறுத்துவாங்க. அங்கேயிருந்து கரைக்கு ஆளையும் சாமானையும் கொண்டுவர ஒரு குட்டிப் படகு வேணும். இதைத்தான் 'டெண்டர்' அல்லது 'டிங்கி'னு சொல்றாங்க. புதுச்சேரிக்கு இது புதுசு இல்ல. பிரெஞ்சுக்காரங்க காலத்துல பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாம கடல்லயே நிக்கும். பலகைகளைக் கயிறால தைச்ச 'சலங்கு' படகுகள்தான் அலையைத் தாண்டிப் போய் ஆளையும் சரக்கையும் இறக்கும். அன்னிக்குத் துடுப்பு, இன்னிக்கு அவுட்போர்டு மோட்டார்.

கடைக்குப் போனதும் எல்லாரும் கேக்கிற முதல் கேள்வி, "எத்தனை ஹெச்.பி?" அதுதான் கடைசிக் கேள்வியா இருக்கணும். ஏன்னு பார்ப்போம்.

முதல்ல இன்ச் டேப் எடுங்க

மோட்டாரை மாட்டுற பின்பலகையின் உயரத்தை மேல் விளிம்புல இருந்து படகோட அடிப்பகுதி வரைக்கும் அளங்க. சுமார் 15 அங்குலம்னா ஷார்ட் ஷாஃப்ட், 20 அங்குலம்னா லாங் ஷாஃப்ட். ஷாஃப்ட் குட்டையா இருந்தா, அலையில புரொப்பல்லர் தண்ணிக்கு மேல வந்து சும்மா சுத்தும். நீளமா இருந்தா தரை தட்டும். புரொப்பல்லருக்கு மேல இருக்கிற தட்டை மாதிரியான தகடு, படகோட அடிமட்டத்துக்குச் சமமா அல்லது ஓர் அங்குலம் கீழே இருக்கணும்.

அடுத்து, தூக்கிப் பாருங்க

2.5 ஹெச்.பி ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார் சுமார் 13 முதல் 18 கிலோ. 4 - 6 ஹெச்.பி-ன்னா சுமார் 25 கிலோ. 8 - 9.9 ஹெச்.பி-ன்னா 40 கிலோவை ஒட்டி. பெரிய படகுல இருந்து ஆடுற சின்னப் படகுக்கு இதைக் கைமாத்தணும். தனி ஆளா தூக்க முடியலைன்னா, ஒருநாள் அது கடலுக்குள்ள போகும். கூடவே நீங்களும் போகலாம்.

இப்போ குதிரைத்திறன்

9 அடி டிங்கி, தண்ணியைக் கிழிச்சுக்கிட்டு போகும்போது அதோட இயல்பான வேகம் சுமார் 4 நாட், அதாவது மணிக்கு 7.5 கிலோமீட்டர். இதுக்கு 2 - 4 ஹெச்.பி தாராளம். 6 ஹெச்.பி மாட்டினாலும் வேகம் பெருசா கூடாது. பின்பக்கம் அமிழ்ந்து முன்பக்கம் தூக்கும். தண்ணிமேல வழுக்கிப் பறக்கணும்னா 8 - 10 ஹெச்.பி வேணும். அதுக்கு ஏத்த வடிவமும் உறுதியும் படகுக்கு இருக்கணும். படகைக் கட்டினவர் சொன்ன உச்ச அளவைத் தாண்டவே தாண்டாதீங்க.

டூ ஸ்ட்ரோக், ஃபோர் ஸ்ட்ரோக், பேட்டரி... எது?

டூ ஸ்ட்ரோக்: எடை குறைவு, அமைப்பு எளிது. ஆனா, புகை, சத்தம், பெட்ரோல் செலவு அதிகம். ஆயிலைக் கலந்து ஊத்தணும். 50:1 விகிதம்னா லிட்டருக்கு 20 மில்லி. உங்க மோட்டாரோட கையேடு சொல்ற விகிதம்தான் கணக்கு.

ஃபோர் ஸ்ட்ரோக்: சத்தமும் செலவும் குறைவு. ஆனா, ஆயில் மாத்தணும். படுக்க வைக்கும்போது கையேட்டுல சொன்ன பக்கமா மட்டும்தான் படுக்க வைக்கணும். இல்லைன்னா ஆயில் தப்பான இடத்துக்குப் போயிடும்.

பேட்டரி: அமைதி, பெட்ரோல் வாசனையே இல்ல. ஆனா, 1 கிலோவாட் மோட்டாருக்கு 1 யூனிட் பேட்டரின்னா, முழு வேகத்துல ஒரு மணி நேரம்தான். பாதி வேகத்துல போனா பலமடங்கு தூரம் வரும். பக்கத்துல போய்வர்றவங்களுக்கு நல்ல சாய்ஸ்.

இங்கே இன்னொரு சிக்கல். இப்போ நம்ம பங்க்குகள்ல கிடைக்கிறது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பெரும்பாலான அவுட்போர்டு கையேடுகள் 10 சதவிகிதம் வரைக்கும்தான் அனுமதிக்குது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடல்மேல அது இன்னும் மோசம். அதனால வாங்கும்போதே டீலர்கிட்ட இதைக் கேட்டு, எழுத்துல வாங்கிக்குங்க. பெட்ரோலை மாசக்கணக்குல டேங்க்ல தேக்கி வைக்காதீங்க.

அந்தப் பத்து நிமிஷம்

நோணாங்குப்பம் சுண்ணாம்பாறு மாதிரி அமைதியான நீர்ல எந்த மோட்டாரும் நல்ல மோட்டார்தான். சோதனை முகத்துவாரத்துல. அரியாங்குப்பம் ஆறு கடல்ல சேர்ற இடத்துல மணல் சேரும். ஆழம் குறைஞ்ச இடத்துல அலை உடையும். வத்தம் வெளியே இழுக்க, அலை உள்ளே தள்ள, தண்ணி செங்குத்தா எழும்பும். அங்கே மோட்டார் நின்னா படகு குறுக்கே திரும்பும். அடுத்த அலையில கவிழும். அந்த நேரத்துல உங்களுக்குத் தேவை வேகம் இல்ல. ரெண்டு இழுப்புல திரும்ப ஸ்டார்ட் ஆகுற, உள்ளூர்லயே மெக்கானிக்கும் ஸ்பேரும் கிடைக்கிற மோட்டார்.

இதையெல்லாம் மறக்காதீங்க:

* கில் ஸ்விட்ச் கயிறு கையிலோ லைஃப் ஜாக்கெட்டிலோ மாட்டியிருக்கணும். நீங்க தவறி விழுந்தா மோட்டார் நிக்கும். இல்லைன்னா ஆளில்லாத படகு வட்டமடிச்சு உங்க மேலேயே வரும்.
* எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட்.
* ஒரு ஜோடி துடுப்பு, கூடுதல் ஸ்பார்க் பிளக். புரொப்பல்லர் எதுலயாவது மோதினா உடையுற சின்ன ஷியர் பின் இருக்கிற மாடல்னா அதுலயும் ரெண்டு.
* 2.5 ஹெச்.பி மோட்டார்கள்ல உள்ளேயே இருக்கிற டேங்க் சுமார் ஒரு லிட்டர்தான். முழு வேகத்துல ஒரு மணி நேரம் வந்தாலே பெருசு.
* மோட்டார் மாட்டினா பதிவு, அனுமதி தேவையான்னு துறைமுகத் துறையில முன்னாடியே கேட்டுடுங்க.

உப்பு விடாது

ஒவ்வொரு தடவையும் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணி டிரம்ல மோட்டாரை நிக்க வெச்சு ஐந்து நிமிஷம் ஓடவிடுங்க. குளிர்விக்கிற தண்ணி வெளியே பீய்ச்சுதான்னு பாருங்க; பீய்ச்சலைன்னா உடனே நிறுத்துங்க. அரிப்பைத் தான் வாங்கிக்கிற துத்தநாக அல்லது அலுமினிய அனோடு பாதி தேஞ்சதும் மாத்திடுங்க. அதுக்குப் பெயின்ட் மட்டும் அடிக்காதீங்க.

கடையில பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்ங்க. மோட்டாரை நீங்களே தூக்குங்க, நீங்களே மாட்டுங்க, நீங்களே கயிறை இழுத்து ஸ்டார்ட் பண்ணுங்க. வீட்டுல உங்ககூடப் படகுல வர்றவங்களையும் இதைச் செய்யச் சொல்லுங்க. அவங்களாலும் முடிஞ்சா, அதுதான் உங்க மோட்டார்.