ஜோன் ஜாய்ஸ்: காத்திருந்து பந்தெறிவாளரான மென்பந்து வீராங்கனை

ஜோன் ஜாய்ஸ் (1940–2022) அமெரிக்காவைச் சேர்ந்த மென்பந்து வீராங்கனை. மகளிர் மென்பந்து வரலாற்றின் தலைசிறந்த பந்தெறிவாளர்களுள் ஒருவராகப் போற்றப்படுபவர். 753 வெற்றிகள், 42 தோல்விகள், எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டங்கள் 150 என்பது அவரைப் பற்றிப் பொதுவாகக் குறிக்கப்படும் கணக்கு. இந்த எண்களைப் பார்ப்பவர்கள் இது பிறவித் திறமை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அணியில் சேர்ந்த நாளிலேயே அவர் கையில் யாரும் பந்தைக் கொடுத்துவிடவில்லை. அந்த இடத்தை அடைய அவருக்குச் சில ஆண்டுகள் ஆயின. அந்தச் சில ஆண்டுகளே இக்கட்டுரையின் பொருள்.

மென்பந்து: ஒரு சிறு அறிமுகம்

மென்பந்து (சாஃப்ட்பால்) 1887-இல் சிகாகோ நகரில், ஓர் உள்ளரங்கில் பேஸ்பாலுக்கு மாற்றாகத் தோன்றியது. பழைய குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைச் சுருட்டிக் கட்டிப் பந்தாகவும், துடைப்பக் கட்டையை மட்டையாகவும் வைத்து ஆடியது அதன் தொடக்கம். பெயரில் 'மென்மை' இருந்தாலும் இன்றைய பந்து மென்மையானது அன்று. பேஸ்பால் பந்தைவிடப் பெரியது. சுற்றளவு சுமார் 30 சென்டிமீட்டர்.

இவ்விளையாட்டில் பந்தைத் தோளுக்கு மேலிருந்து வீசக் கூடாது. கையைத் தாழ்த்தி, இடுப்பை ஒட்டியே எறிய வேண்டும். கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு இது எளிதான வேலையாகத் தோன்றும். 1981-இல் மெல்போர்னில் நியூசிலாந்துக்கு எதிராக ஆஸ்திரேலியாவின் டிரெவர் சாப்பல் பந்தைத் தரையில் உருட்டிவிட்ட நிகழ்ச்சிதான் 'அண்டர்ஆர்ம்' என்றதும் பலர் நினைவுக்கு வருவது. மென்பந்தில் நிலைமை வேறு. இன்றைய பன்னாட்டு மகளிர் ஆட்டத்தில் எறியும் இடத்துக்கும் மட்டையாளர் நிற்கும் இடத்துக்கும் உள்ள தொலைவு 43 அடி, அதாவது 13.11 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து இத்தொலைவை அரை நொடிக்குள் கடந்துவிடும். அந்த நேரத்துக்குள் பந்து மேலெழுமா, தாழுமா, விலகுமா என்று மட்டையாளர் முடிவு செய்தாக வேண்டும். ஆகவே ஆட்டத்தின் போக்கு பெரும்பாலும் பந்தெறிவாளரின் கையில்தான் இருக்கிறது.

வாட்டர்பரி சிறுமி

ஜோன் ஜாய்ஸ் 1940 ஆகஸ்ட் 18 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்பரி நகரில் பிறந்தார். தந்தை பேஸ்பாலும் மென்பந்தும் ஆடுபவர். அவருடன் மைதானங்களுக்குச் சென்ற சிறுமிக்கு விளையாட்டு இயல்பாகவே ஒட்டிக்கொண்டது.

ஆனால் அக்காலத்தில் ஒரு சிறுமி ஆடுவதற்குக் களங்கள் குறைவு. சிறுவர் பேஸ்பாலை நடத்திய 'லிட்டில் லீக்' அமைப்பு 1974 வரை பெண் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்ற அமெரிக்கச் சட்டம் வந்ததும் 1972-இல்தான். விளையாட விரும்பிய பெண்களுக்குக் கைகொடுத்தவை நிறுவனங்கள் ஆதரித்த மென்பந்து அணிகளே. ஸ்ட்ராட்ஃபோர்ட் நகரில் வண்டி பிரேக்குகளுக்கான பாகங்களைத் தயாரித்த ரேபெஸ்டாஸ் நிறுவனத்தின் 'பிரேக்கெட்ஸ்' அவற்றுள் ஒன்று. 1954-இல், பதினான்கு வயதை எட்டும் பருவத்தில், ஜாய்ஸ் அந்த அணியில் சேர்ந்தார்.

காத்திருந்த ஆண்டுகள்

சேர்ந்தவுடன் அவருக்குக் கிடைத்தது களத்தில் தளங்களைக் காக்கும் வேலை. 1956-இல் பெர்த்தா டிக்கி பிரேக்கெட்ஸ் அணிக்கு வந்தார். கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு லயனெட்ஸ் அணிக்கு ஆடித் தேசிய அளவில் புகழ்பெற்றிருந்த பந்தெறிவாளர் அவர். அப்படிப்பட்டவர் அணியில் இருக்கும்போது பதினாறு வயதுப் பெண்ணுக்கு முக்கிய ஆட்டங்களில் பந்து கிடைப்பது அரிது. ஜாய்ஸ் வேறு அணி தேடிப் போகவில்லை. கிடைத்த இடத்தில் ஆடிக்கொண்டே பந்தெறியப் பயின்றார்.

முதலில் அவர் பழகியது 'காற்றாலை' முறை: கையை முழு வட்டமாகச் சுழற்றிப் பந்தை விடுவது. அதில் அவர் எதிர்பார்த்த முன்னேற்றம் கிடைக்கவில்லை. அப்போது ஆண்கள் மென்பந்தில் பெயர்பெற்றிருந்த ஜான் பேக்கர் என்ற பந்தெறிவாளர் அவருக்கு வேறு வழி காட்டினார். 'பீரங்கிக் குண்டு' என்பது பேக்கரின் பட்டப்பெயர். அவர் சொன்னது 'உண்டிவில்' முறை. இதில் முழு வட்டம் கிடையாது. உண்டிவில்லின் ரப்பரை இழுத்து விடுவதுபோல, கையைப் பின்னால் உயர்த்தி, வந்த வழியே வேகமாகக் கீழிறக்கிப் பந்தை விட வேண்டும்.

பழகிய கைவீச்சை விட்டுவிட்டு மற்றொன்றுக்கு மாறுவது எளிதன்று. கையெழுத்தை மாற்ற முயன்ற மாணவர்களுக்கு இது தெரியும். முதலில் பழைய எழுத்தும் கெடும், புதியதும் வராது. ஜாய்ஸ் அந்த இடைக்காலத்தைப் பொறுத்துக்கொண்டார். புதிய முறை அவர் உடலுக்குப் பொருந்தியது. மட்டையாளரை நெருங்கும்போது சட்டென்று தாழும் பந்து பிற்காலத்தில் அவருடைய முக்கிய ஆயுதமாயிற்று.

1958-ஆம் ஆண்டு இறுதி ஆட்டம்

1958 தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் பிரேக்கெட்ஸ் அணி கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ ராக்கெட்ஸ் அணியை எதிர்கொண்டது. ஆட்டத்தின் நடுவே டிக்கியால் காயம் காரணமாகத் தொடர முடியவில்லை. பந்து பதினெட்டு வயது ஜாய்ஸிடம் வந்தது. அவர் எறிந்த இன்னிங்ஸ்களில் எதிரணியால் ஒரு ஹிட்கூட எடுக்க முடியவில்லை. பிரேக்கெட்ஸ் அணி தன் முதல் தேசியப் பட்டத்தை வென்றது.

வாய்ப்பு எதிர்பாராமல்தான் வந்தது. ஆனால் அதற்குள் அவர் கை தயாராக இருந்தது. அதன் பிறகும் டிக்கியும் ஜாய்ஸும் ஒரே அணியில் பந்தெறிந்தனர்.

டெட் வில்லியம்ஸுக்கு எதிராக

பேஸ்பாலின் மாபெரும் மட்டையாளர்களுள் ஒருவரான டெட் வில்லியம்ஸ் 521 ஹோம் ரன்களுடன் 1960-இல் ஓய்வு பெற்றார். 1961 ஆகஸ்டில் வாட்டர்பரியில், குழந்தைகளின் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சி ஒன்றில் ஜாய்ஸ் அவருக்குப் பந்தெறிந்தார். ஏறத்தாழ 40 பந்துகள் என்பர். ஒன்றிரண்டை வில்லியம்ஸின் மட்டை உரசியது. மற்றவை அவரைத் தாண்டிச் சென்றன. கடைசியில் அவரே முயற்சியைக் கைவிட்டார். ஜாய்ஸுக்கு அப்போது வயது 20.

பிற்காலம்

1974-இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் நடந்த மகளிர் உலகப் போட்டியில் அமெரிக்கா முதன்முறையாகப் பட்டம் வென்றபோது ஜாய்ஸ் அந்த அணியின் முன்னணிப் பந்தெறிவாளர். 1976-இல் டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங் போன்றவர்களுடன் சேர்ந்து மகளிருக்கான தொழில்முறை மென்பந்துக் கூட்டமைப்பைத் தொடங்கினார். நான்கு பருவங்களும் அவருடைய கனெக்டிகட் ஃபால்கன்ஸ் அணியே வென்றது. ஆனால் போதிய பணமின்றிக் கூட்டமைப்பு கலைந்தது.

அதற்குள், முப்பத்தைந்து வயதுக்கு மேல், கோல்ஃப் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு தொழில்முறைப் போட்டிகளில் இறங்கியிருந்தார். 1982-இல் ஒரு சுற்றை வெறும் 17 'புட்'களில் முடித்துச் சாதனை படைத்தார். 1990-களின் நடுவிலிருந்து இறுதிவரை ஃபுளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழக மகளிர் மென்பந்து அணியின் பயிற்சியாளராக இருந்தார். பயிற்சியாளராக அவர் பெற்ற 1,000-ஆவது வெற்றி 2022 மார்ச் மாதத்தில் வந்தது. அதே மாதம் 26-ஆம் நாள், 81-ஆம் வயதில் காலமானார்.

நம் பள்ளிகளிலும் மென்பந்து ஆடப்படுகிறது. அணியில் சேர்ந்த முதல் வாரமே பந்தைக் கேட்டு, கிடைக்காததால் மனம் சோரும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. 1954 முதல் 1958 வரை இந்தப் பெண் என்ன செய்தார் என்று அவர்களிடம் ஓர் ஆசிரியர் எடுத்துச் சொல்லலாம்: தமக்குக் கிடைத்த தளத்தைக் காத்தார், தம்மைவிடச் சிறந்தவரின் அருகிலேயே இருந்தார், சரிவராத கைவீச்சை விட்டுப் புதியதைப் பழகினார்.