பிறக்கும் முன்பே முடிவானவள்

மாசி மயானக்கொள்ளையின்போது மேல்மலையனூரில் அருள் வந்து ஆடும் பெண்களைச் சிறுவயது முதலே பார்த்து வருகிறோம். அந்தச் சிறிது நேரம் ஊரே அவள் சொல்லுக்குக் கட்டுப்படுகிறது. மறுநாள் அவள் பேச்சை யார் கேட்கிறார்கள்? பெண் வாழ்வைச் சொல்லும் புனைவுகளில் இருத்தலியல் என்னும் இன்றைய பொருளை இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறோம்.

மனிதர் முதலில் இருக்கிறார்கள், பிறகு தம் தேர்வுகளால் தம்மை ஆக்கிக்கொள்கிறார்கள் என்பது சார்த்தரின் வாதம். பெண்மை இயற்கையல்ல, சமூகம் உருவாக்குவது என்று 1949இல் 'இரண்டாம் பாலினம்' நூலில் காட்டினார் சிமொன் தி பொவா. சாதி இதற்கு நேர் எதிரானது. குழந்தை கண் திறக்கும் முன்பே அதன் தெருவையும் தொழிலையும் முடிவு செய்துவிடுகிறது.

அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி எழுந்த தலித் இலக்கியம் இந்த முடிவை எதிர்த்தது. பாமாவின் தன்வரலாற்றுப் புனைவான 'கருக்கு' 1992இல் வந்தது. ஏழைகளுக்காக உழைக்கக் கன்னியர் மடத்தில் சேர்ந்தவர், அங்கும் சாதியைக் கண்டு வெளியேறுகிறார். வெளியே பிடிமானம் எதுவும் இல்லை. ஆனால் முடிவு அவருடையது. 1994இல் வந்த 'சங்கதி'யின் மாரியம்மாவுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. நிலக்காரனிடமிருந்து தப்பி ஓடியவள்மீது அவனே பழி சுமத்துகிறான். அபராதம் விதிப்பதோ அவளது சொந்தத் தெருவின் பஞ்சாயத்து.

அதே 1994இல் நம் வடார்க்காடு, தென்னார்க்காடு மண்ணுக்கு நெருக்கமான பேச்சில் வந்தது இமையத்தின் 'கோவேறு கழுதைகள்'. தலித் காலனிக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் பெண் ஆரோக்கியம். பிரசவம் பார்ப்பாள், சாவுச் சடங்கில் நிற்பாள், இரவில் வீடுவீடாகச் சோறு வாங்குவாள். அவள் மகள் மேரியைக் காலனி ஆண் ஒருவன் வல்லுறவு செய்கிறான். நியாயம் கேட்க அவளுக்கு வாய் எழவில்லை. நாவல் சர்ச்சைக்கு உள்ளானது. ஒடுக்கப்பட்டோரின் குறையை வெளியே சொல்லலாமா என்று கேட்டோம். ஆரோக்கியத்தின் முன் அந்தக் கேள்வி நிற்காது. அவளுக்கு நாம்தான் ஊர்.

ஆகவே, சுதந்திரம் தனி மனிதரின் மனத்துக்குள் மட்டும் நிகழ்வதல்ல என்பதே இந்தப் புனைவுகளிலிருந்து நாம் பெறும் பாடம். ஒருத்தி தேர்வு செய்ய, சுற்றியிருப்பவர்கள் வழிவிட வேண்டும். மாரியம்மாவின் பஞ்சாயத்தில் வாய்மூடி உட்கார்ந்திருந்தவர்களும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தவர்களே.

மாணவத் தோழர்களே, இந்த நூல்களை எடுத்துக்கொண்டு உங்கள் தெருவுக்குப் போங்கள். பஞ்சாயத்தில் பெண்ணுக்கு இடம் உண்டா, புதிரை வண்ணார் வீட்டுக் குரலுக்கு மதிப்பு உண்டா என்று கேளுங்கள். அருள் வராத நாளிலும் அவள் பேச வேண்டும்; நாம் உட்கார்ந்து கேட்க வேண்டும்.