ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு காலா?

தைப்பூசம் நெருங்கிவிட்டால் கெடாவில் சுங்கை பட்டாணி தொடங்கி லுனாஸ் வரைக்கும் உறுமிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். கூடவே வருடம் தவறாமல் ஒரு வாக்குவாதமும் வந்து சேரும். உறுமியோடு கீபோர்டைச் சேர்க்கலாமா? டிரம் செட்டைக் கொண்டுவரலாமா? “தாத்தா கப்பலில் கொண்டுவந்தது இதுவா?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். “நாங்கள் பிறந்தது இங்கேதானே?” என்று இளைஞர்கள் திருப்பிக் கேட்பார்கள். இரண்டு கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.

நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, கெடாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டப் போனவர்கள் பெட்டி நிறையப் பொருளைக் கொண்டுவரவில்லை. தப்பையும் உறுமியையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் கொண்டுவந்தார்கள். லயத்து வாசலில், தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அவை உயிரோடு இருந்தன. ஆனால் போன இடத்தின் இசை எதிரே வந்து நிற்கும்போது என்ன செய்வது? பூட்டி வைப்பதா, கரைத்துவிடுவதா? இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுவதும் சுமந்த ஒரு மனிதர் இருந்தார். தமிழ்த் தாய்க்குப் பிறந்தவர். ஆனாலும் தமிழ்ப் பத்திரிகைகளில் அவர் பெயரைக் காண்பது அபூர்வம்.

அவர் பெயர் ஜான் மேயர். 1930-ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தார். தந்தை ஆங்கிலோ இந்தியர், தாய் தமிழ்ப் பெண். வறுமையான குடும்பம். வயலின் மேல் பையனுக்கு அப்படியொரு ஆசை. கல்கத்தா இசைப்பள்ளியில் பிலிப் சாந்த்ரே என்ற ஆசிரியர் மேற்கத்திய முறையில் வயலின் சொல்லிக்கொடுத்தார். இன்னொரு பக்கம் இந்திய சங்கீதத்தின் இலக்கணம். பிறகு பம்பாய் சென்று மெஹ்லி மேத்தாவிடம் பாடம். உலகப் புகழ்பெற்ற இசை நடத்துநர் சுபின் மேத்தாவின் தந்தைதான் இந்த மெஹ்லி மேத்தா.

1952-இல் உதவித்தொகை கிடைத்து லண்டன் ராயல் இசைக் கழகத்தில் சேர்ந்தார். ஆனால் கையில் காசில்லை. அடுத்த ஆண்டே லண்டன் ஃபில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ராவில் வயலின் வாசிக்கும் வேலைக்குப் போய்விட்டார். பகலில் அடுத்தவர் எழுதியதை வாசிப்பது, இரவில் தன்னுடையதை எழுதுவது என்று நாட்கள் ஓடின.

அந்தக் காலகட்டத்தில் அவருக்கு வாய்த்த குரு மாத்யாஸ் செய்பர். அவரும் வந்தேறிதான்! ஹங்கேரியில் பிறந்த யூதர். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில், ஜாஸ் இசையை ஒரு கல்லூரிப் பாடமாகவே 1928-இல் நடத்தியவர். நாஜிகள் 1933-இல் ஆட்சிக்கு வந்ததும் வேலை பறிபோய், 1935-இல் லண்டனில் குடியேறியவர். ஒரு ராகத்தின் சுர வரிசையை எடுத்துக்கொண்டு, அதை மேற்கின் புதிய சுர வரிசை முறைகளோடு எப்படிப் பொருத்துவது என்ற வழி மேயருக்குப் புலப்பட்டது செய்பரிடம் படித்தபோதுதான்.

இங்கே இசை நுணுக்கம் கொஞ்சம் தேவைப்படுகிறது. நம் சங்கீதத்தில் ராகம் என்பது ஒரு தடம். ஏறும்போது எந்தச் சுரம், இறங்கும்போது எந்தச் சுரம் என்பதற்குக் கணக்கு உண்டு. பின்னால் தம்பூரா ஆதார சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். மேற்கத்திய இசையிலோ பல சுரங்கள் ஒரே நேரத்தில் கூட்டாக ஒலிக்கும். அந்தக் கூட்டு மாறிக்கொண்டே போவதுதான் இசையை நகர்த்துகிறது. ராகத்துக்கு அடியில் அப்படி மாறும் கூட்டுகளை வைத்தால் என்ன ஆகும்? ஷட்ஜமே இடம் பெயர்ந்துவிட்டதுபோல் காது தடுமாறும். ராகம் போய்விடும், வெறும் மெட்டு மிஞ்சும்.

மேயர் பிடிவாதமாக இருந்தது இந்த இடத்தில்தான். வயலின் கூட்டத்துக்கு நடுவே ஒரு சித்தாரை உட்காரவைத்து, குழம்பின் மேல் கொத்தமல்லி தூவுவதுபோல் தூவிவிட்டுப் போவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. ராகத்தின் கட்டுப்பாடு ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் உண்டு, தாளச் சுழற்சி எல்லாருக்கும் பொது என்பதே அவர் முறை. 1958-இல் வந்த ‘இந்திய நடனங்கள்’ என்ற படைப்பில் சித்தார், புல்லாங்குழல், தபேலா, தம்பூரா ஆகியவை ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்து ஒலித்தன. சார்லஸ் குரோவ்ஸ் நடத்த, லிவர்பூல் ஃபில்ஹார்மானிக் குழு அதை அரங்கேற்றியது. பீட்டில்ஸ் பாட்டில் சித்தார் ஒலிப்பதற்கு ஏழு ஆண்டுகள் முன்னால் நடந்தது இது.

புகழ் வந்ததா என்றால், தொல்லைதான் முதலில் வந்தது. வரிசையில் உட்கார்ந்து வாசிக்க வேண்டிய வயலின்காரர் இசையமைப்பாளராகவும் தலைதூக்கியது வேலையிடத்தில் உரசலானது. அதே 1958-இல் அந்த ஆர்க்கெஸ்ட்ராவை விட்டு வெளியேறினார். தாமஸ் பீச்சம் நிறுவிய ராயல் ஃபில்ஹார்மானிக் அவருக்கு இடம் கொடுத்தது. 1965 வரை அங்கே வாசித்தார்.

அடுத்து நடந்ததைக் கேட்டால் சிரிப்பு வரும். டெனிஸ் பிரெஸ்டன் என்ற இசைத்தட்டுத் தயாரிப்பாளருக்கு ஓர் ஆல்பத்தை நிரப்பச் சில நிமிட இசை குறைந்தது. “ஜாஸ் பாணியில் ஏதாவது கைவசம் இருக்கிறதா?” என்று மேயரிடம் கேட்டார். “இருக்கிறதே!” என்று மேயர் சொல்லிவிட்டார். உண்மையில் ஒன்றும் கிடையாது. அன்றிரவு முழுக்கக் கண்விழித்து எழுதி, மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தார். சில மாதம் கழித்து அமெரிக்காவின் அட்லாண்டிக் நிறுவனத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. இந்திய இசையும் ஜாஸும் சேர்ந்த ஒரு முழு ஆல்பம் வேண்டும் என்றார்கள்.

ஜாஸ் பக்கத்துக்குத் தலைமை தாங்க வந்தவர் ஜோ ஹேரியட். ஜமைக்காவில் பிறந்து, கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆல்ஃபா பள்ளியில் இசை கற்று, 1951-இல் இங்கிலாந்துக்கு வந்தவர். அவர் பக்கம் ஐந்து பேர், மேயர் பக்கம் ஐந்து பேர். சித்தாருக்குத் திவான் மோத்திஹார், தபேலாவுக்குக் கேசவ் சாத்தே. 1965 அக்டோபரில் ‘இந்தோ-ஜாஸ் சூட்’ பதிவானது. ஜார்ஜ் ஹாரிசன் பீட்டில்ஸ் பாட்டுக்காகச் சித்தாரைத் தொட்டதும் அதே மாதம், அதே லண்டனில்தான்! அந்தப் பாட்டு உலகத்தைச் சுற்றியது. மேயரின் தட்டை இசை தெரிந்தவர்கள் தேடி வாங்கினார்கள்.

ஜாஸ் கலைஞர்கள் மனோதர்மத்துக்குப் பேர்போனவர்கள். ஆனால் இங்கே கூட்டுச் சுரங்களை மாற்றிக்கொண்டே போகும் வழக்கமான வழி அவர்களுக்கு மூடப்பட்டிருந்தது. கொடுக்கப்பட்ட ராகச் சுரங்களுக்குள்ளேயே கற்பனை செய்ய வேண்டும். ஹேரியட்டின் சாக்ஸபோன் அந்தக் கட்டுக்குள் நின்று பேசுவதைக் கேட்டால், நம் ஊர் நாதஸ்வரக்காரர் ஒரே ராகத்தைச் சுற்றிச் சுற்றி வருவது நினைவுக்கு வரும். ‘இந்தோ-ஜாஸ் ஃபியூஷன்ஸ்’ என்ற பெயரில் மேலும் தட்டுகள் 1967, 1968-இல் வந்தன. ‘ஃபியூஷன்’ என்ற சொல் இன்று நம் கல்யாண மண்டபம் வரைக்கும் வந்துவிட்டது. அந்தச் சொல்லை இசைத்தட்டின் மேல் அச்சடித்த முன்னோடிகளில் ஒருவர் மேயர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஹேரியட்டின் முடிவு வேதனையானது. வாய்ப்பும் வருமானமும் குறைந்து, நோயில் விழுந்து, 1973 ஜனவரியில் 44 வயதில் காலமானார். அவரோடு அந்தக் கூட்டணியும் போயிற்று. மேயர் எழுதுவதை நிறுத்தவில்லை. புல்லாங்குழல் மேதை ஜேம்ஸ் கால்வேக்காக ஒரு கச்சேரிப் படைப்பு, பிறந்த ஊரை நினைத்துப் பியானோவுக்காக ‘கல்கத்தா நகர்’ என்று தொடர்ந்து எழுதினார்.

“ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்” என்று கலப்பிசைக்காரர்களைச் சொல்வது வழக்கம். இரண்டிலும் பாதி பாதி தெரிந்துகொண்டு கலந்தவர்களுக்கு அது பொருந்தலாம். மேயர் இரண்டு இலக்கணத்தையும் முழுசாகப் படித்தவர். கீபோர்டு சேர்க்கலாமா என்று கேட்கும் நம் இளைஞர்களுக்கும், கூடவே கூடாது என்கிற பெரியவர்களுக்கும் நடுவில் அவரை உட்காரவைத்தால், உறுமியின் தாளக் கட்டு உனக்கு எவ்வளவு தெரியும் என்றுதான் முதலில் கேட்டிருப்பார் என்று தோன்றுகிறது.

1989-இல் பர்மிங்ஹாம் இசைக் கல்லூரியில் ஆசிரியரானார். இந்திய இசைக்கென்று ஒரு பட்டப்படிப்பு 1997-இல் அங்கே தொடங்கப்பட்டதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. பழைய குழுவுக்கும் 1990-களில் மறுபடி உயிர் கொடுத்தார். 2004 மார்ச்சில் லண்டனில் கார் மோதி இறந்துபோனார். கல்கத்தாவில் பிறந்த தந்தை வயலினைத் தேடிப் போனார். மகன் ஜோனதன் மேயர் கையில் எடுத்ததோ சித்தார்.